நான்காம் துளையின் அழுத்தம்

கார்த்திகை 2

வந்து சேர்ந்தோம். திருச்செங்கோட்டிலிருந்து இமயத்தின் இந்த மடிவரை ஐந்து நாள். பனி இன்னும் விழவில்லை. ஆனால் குளிர் எலும்பைத் தேடிவந்து உட்கார்ந்துகொள்கிறது.

இருபத்திரண்டு ஆண்டுகள் மேடையில் நின்றவன் நான். பெற்றோர் இட்ட பொன்னுசாமி என்னும் பெயரைக் களைந்து இளவழுதி என்று சூடிக்கொண்டவன். என் தொண்டையால் வளர்ந்த கட்சி, சென்ற திங்கள் அச்சிட்ட சொற்பொழிவாளர் பட்டியலில் என் பெயரை விட்டுவிட்டது. கோடிட்டு அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். விட்டுவிட்டது! மாவட்டச் செயலாளரிடம் நேரில் கேட்டேன். "அச்சுப் பிழைங்க வழுதி" என்றார். அச்சுக்கு என்மீது என்ன பகை?

தங்கை கணவர் குழந்தைவேலு ஆழ்துளை வண்டி வைத்திருப்பவர். இங்கே சாலைக்காக மலையைக் குடையும் நிறுவனம், குடைவதற்கு முன்னே துளையிட்டுப் பார்க்க ஆட்களைக் கேட்டது. பாறையில் துளையிட எங்கள் ஊரை விட்டால் யார்? "ஊருக்குள்ள இருந்து வெந்துக்கிட்டுக் கெடக்காதீங்க மச்சான். எங்கூட வாங்க. பசங்களுக்குச் சோறு தண்ணி பாத்துக்கிட்டு, அழுத்தம் எவ்வளவுன்னு தெனமும் எழுதி வெச்சாப் போதும்" என்றார். வந்துவிட்டேன்.

எட்டுப் பேர் குழு. வண்டியை இயக்குபவர் மாரப்பன். என் கூட்டங்களில் முன்வரிசைக்காரர். எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர்.

கார்த்திகை 4

நிலவியலாளர் ஒரு பெண். செசிந்தா என்று பெயர், மார்த்தாண்டத்துக்காரி. இந்தப் பாசறையில் எங்களையன்றித் தமிழ் பேசும் ஒரே உயிர். வந்த அன்றே என்னை அண்ணன் ஆக்கிக்கொண்டாள்.

"அண்ணே, இந்த மலை இங்க உள்ளது இல்ல, கேட்டியளா? வடக்க இருந்து வந்து இந்தப் பாறை மேல ஏறி உக்காந்திருக்கு. பழைய பாறை மேல, புதுப் பாறை கீழ."

"அத்தனை பெரிய மலையை யார் தள்ளினார்கள்?"

வெளியே வைத்துக் குளிரேறிய வெள்ளிக்குவளை ஒன்றை எடுத்துவந்தாள். சன்னல் கண்ணாடி ஒன்றைச் சற்றே சாய்த்து, நீர் தடவி, குவளையை அதன்மேல் கவிழ்த்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அறையின் சூட்டில் குவளைக்குள் அடைபட்டிருந்த காற்று விரிந்தது. சற்று நேரத்தில் குவளை தானாக வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. யாரும் தொடவில்லை.

மாரப்பன் கைதட்டினார்.

"உள்ள அடைபட்டது குவளையக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கு. பாரம் கொறஞ்சா வழுக்கும். மலைக்கடியில காத்து இல்ல, தண்ணி. ரெண்டு பாறைக்கும் நடுவுல அரைஞ்சு களிமண்ணாக் கெடக்குற எடத்துல தண்ணி அடைபட்டுக் கெடக்கும். மலையோட பாரத்துல பாதிய அதுதான் சொமக்கும். நாம அதுக்குள்ளதான் போகப் போறோம்."

பிறகு துளைக்குள்ளிருந்து உருளையாக அறுத்தெடுத்த கற்கோல் ஒன்றைக் கையில் தந்தாள். கரும்பாறை, அதன் குறுக்கும் நெடுக்கும் வெள்ளை வரிகள். நீர் அழுத்தி உடைத்த விரிசல்களாம். உடைத்த நீரே தன்னிலிருந்த சுண்ணத்தை அங்கே படியவிட்டு அடைத்துவிடுமாம். அடைத்தபின் மீண்டும் அழுத்தம் ஏறி மீண்டும் உடைக்குமாம். வரிகளை எண்ணினேன். நாற்பதுக்குமேல் எண்ண முடியவில்லை.

"அதனால ஒண்ணு மட்டும் மறக்கப்பிடாது. தண்ணி நின்னா செத்துட்டுன்னு நெனைக்காதீங்க. வாசல் மூடிட்டுன்னு நெனச்சுக்கிடுங்க."

அருமையான சொல். மேடைக்கு ஆகும். கற்கோலைத் தாள்மேல் பாரமாக வைத்துக்கொண்டேன்.

கார்த்திகை 7

மூன்றாம் துளையில் நீர் பீறிட்டது. சுரங்கவழியின் முகப்பில், குடைந்து நிறுத்திய கடைசிப் பாறைச்சுவரில், ஆள் உயரத்தில், கையளவு தடிமனில் அடித்தது. எங்கள் ஆட்கள் ஓவென்று கத்தி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மாரப்பன் வண்டிக்கு மஞ்சள் பூசித் தேங்காய் உடைத்தார். குழந்தைவேலு அவர் தோளில் துண்டு போர்த்தினார். வாழ்நாளெல்லாம் நீர் வந்தால் வெற்றி, வராவிட்டால் வசை என்று வாழ்ந்தவர்களுக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

செசிந்தா ஓடிவந்தாள். "இங்க தண்ணி வந்தா சந்தோசப்படப்பிடாது அண்ணே!"

"பின்ன என்னுங்கம்மிணி, தண்ணி வந்ததுக்கு ஒப்பாரியா வெப்பாங்க?" என்றார் மாரப்பன். அவளே சிரித்துவிட்டாள்.

ஏற்பாடு இதுதான். மூன்றாம் துளை திறந்திருந்து நீரை வடிக்கும். அதன் பக்கத்திலுள்ள நான்காம் துளை மூடியிருக்கும். அதன் வாயில் அழுத்தமானி. இன்று முள் பன்னிரண்டில் நிற்கிறது. அது இரண்டுக்கு இறங்கிய பிறகே மேற்கொண்டு குடைய வேண்டும். நாள்தோறும் காலையும் மாலையும் முகப்புவரை நடந்து பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் கடமை. நாள், துளை, அழுத்தம், பார்த்தவர் என நான்கு கட்டம். தமிழ் எண்களில் எழுதுகிறேன். நிறுவனத்தின் மேலாளர் முகம் சுளித்தார். செசிந்தா ஒரே மாலையில் அவற்றைக் கற்றுக்கொண்டாள். என் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவள் இங்கே அவள் ஒருத்திதான்.

கார்த்திகை 9

அழுத்தம் ஒன்பது. துவரம்பருப்பு தீர்ந்தது.

கார்த்திகை 12

அழுத்தம் ஐந்து.

ஊரிலிருந்து கிளைச் செயலாளர் அழைத்தார். தை மாநாட்டில் எனக்குப் பத்து மணித்துளி கிடைக்கக்கூடுமாம். உரையை எழுத்தில் முன்னரே அனுப்ப வேண்டுமாம். இருபத்திரண்டு ஆண்டுகள் தாளின்றிப் பேசியவனிடம் எழுத்தில் கேட்கிறார்கள்! ஆயினும் எழுதுவேன். ஒவ்வொரு சொல்லும் அந்த மாவட்டச் செயலாளரின் செவியில் ஆணியாய் இறங்க வேண்டும்.

செசிந்தா கற்கோல்களை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்காகக் கீழே நகருக்குப் போனாள். ஒரு கிழமை ஆகும் என்றாள். "பதிவேடு உங்க கையில அண்ணே. அழுத்தம் கொறையணும். ஆனா மூணாம் துளையில தண்ணி நின்னுட்டா ஒடனே எனக்குப் போன் போடணும்."

கார்த்திகை 14

மூன்றாம் துளையில் நீர் நின்றுவிட்டது.

மாரப்பன் வந்து சொன்னார். "நைட்டோட நின்னு போச்சுங்க தலைவரே. களிமண்ணு வந்து அடைச்சுக்கிச்சாட்ட இருக்குது. வெறுங்குழியாயிருச்சு. சிமெண்டு வெச்சு அடைச்சுப் போட்டங்க."

வற்றிய துளையை அன்றே அடைத்துவிட வேண்டும். திறந்து வைத்தால் வறட்சி வண்டியோடு கூடவே வந்துவிடும் என்பது துளைக்காரர்களின் நம்பிக்கை. அடைத்தபின் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். பைஞ்சுதை குழைத்து அடைத்திருக்கிறார்கள்.

"அந்தம்மிணிகிட்டச் சொல்லோணுமுங்களா?"

நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

முகவுரை நன்றாக வந்திருக்கிறது. அழுத்தம் இரண்டு.

கார்த்திகை 15

அழுத்தம் இரண்டு. வழியெல்லாம் உறைபனி. முழங்கால் வீங்கியிருக்கிறது, காலையிலிருந்து கட்டிலைவிட்டு இறங்கவில்லை. உரையின் இரண்டாம் பகுதி முடிந்தது.

கார்த்திகை 16

அழுத்தம் இரண்டு. 'முதுகில் குத்தியவர்கள்' என்னும் பகுதியை மூன்றுமுறை திருத்தினேன். இன்னும் சூடு போதவில்லை.

கார்த்திகை 17

இரண்டு.

கார்த்திகை 18

ஆட்கள் உள்ளே போக மறுக்கிறார்கள். முகப்பருகே கூரையைத் தாங்கும் இரும்பு வளையங்கள் முனகுகின்றனவாம். தரை ஒரு சாண் மேலெழும்பியிருக்கிறதாம். சென்னியப்பன், எங்கள் ஆட்களிலே வாய்த்துடுக்கானவன், "வளையமெல்லாம் வயித்து வலிக்காரனாட்டம் மொனகுதுங்க. நான் வல்லே. எம் பொண்டாட்டிக்குப் பதில் சொல்றவங்க வேணும்னாப் போகட்டும்" என்று உட்கார்ந்துவிட்டான்.

மேலாளர் குழந்தைவேலுவிடம் கத்தினார். குழந்தைவேலு என்னிடம் வந்தார். "அழுத்தம் எறங்கிருச்சுல்லங்க மச்சான்? பொறவென்ன? நீங்க ஒரு பேச்சுப் பேசுனீங்கன்னாப் போயிருவாங்க."

மாலை செசிந்தா அழைத்தாள்.

"அண்ணே, வளையம் முனகுதுன்னு மேலாளர் சொல்லுகாரு. நாலாம் துளை எவ்வளவு?"

"பதிவேட்டில் இரண்டு."

"அப்பச் சரி. ரெண்டுன்னா போகலாம். ஆனா கொறஞ்சிருந்தா வளையம் ஏன் முனகணும்? நாளைக்கு உச்சைக்கு நான் வந்திருவேன். நான் பாத்த பொறவு போகட்டும். அதுவரைக்கும் ஒருத்தரையும்..."

தொடர்பு அறுந்தது. மூன்றாம் துளையைப் பற்றி அவள் கேட்கவில்லை.

கார்த்திகை 19, காலை

பேசினேன். நெடுநாளைக்குப் பிறகு பேசினேன்! சரக்குந்தின் பின்தட்டில் ஏறி நின்றேன். எட்டுப் பேர்தாம் எதிரே. எண்பதாயிரம் பேர் என்று எண்ணிக்கொண்டேன்.

"காய்ந்துகிடந்த ஊர்களின் வயிற்றிலெல்லாம் நம் இரும்பு இறங்கியிருக்கிறது! நாம் தொட்ட இடத்தில் நீர் எழுந்திருக்கிறது! கிணறுகள் கைவிட்ட மண்ணை நாம் கைவிடவில்லை! நீரைத் தேடிப் போனவன் நீருக்கு அஞ்சுவானா? ஏடு சொல்கிறது, இரண்டு! என் கையால் எழுதிய ஏடு சொல்கிறது! என் சொல்லை நம்பி இருபத்திரண்டு ஆண்டுகள் என் முன்னே அமர்ந்தவர்களே, இன்று எழுந்து நில்லுங்கள்!"

மாரப்பன்தான் முதலில் எழுந்தார். "உங்க பேச்சக் கேட்டா மலையே நகந்துரும் தலைவரே" என்று சிரித்துக்கொண்டு தலைக்கவசத்தை மாட்டினார். சென்னியப்பனும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் போனான். நால்வர் உள்ளே போனார்கள்.

தொண்டை கட்டிவிட்டது. இனிமையான வலி.

கார்த்திகை 19, பின்பகல்

மலை நகர்ந்துவிட்டது.

கார்த்திகை 20

நீரும் சேறும். சுரங்கவழியின் பாதி தூரம் சேறு. முகப்பு உடைந்த ஓசை பாசறைக்குக் கேட்கவில்லை. முதலில் காற்று வந்தது; உள்ளிருந்து புகை போல் காற்று. அதன்பின் சேறு.

மூவரை இழுத்து வெளியே எடுத்துவிட்டார்கள். மாரப்பன் இன்னும் உள்ளே.

செசிந்தா நேற்று உச்சிவேளையில், முகப்பு உடைந்தபின், வந்து இறங்கினாள். வந்தவள் என்னிடம் வரவில்லை. என் மேசையிலிருந்த பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கார்த்திகை 21

மருத்துவமனையில் சென்னியப்பனைப் பார்த்தேன். இரு கால்களிலும் கட்டு. ஒன்று சொன்னான். அதை எழுத இன்று கை வரவில்லை.

கார்த்திகை 22

மாரப்பனை எடுத்தார்கள்.

கார்த்திகை 23

நேர்ந்ததை விசாரிக்க உசாவல் குழு வருகிறது. குழந்தைவேலு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு பதிவேட்டக் கொண்டுபோயி அவங்ககிட்டக் குடுத்துருச்சுங்க மச்சான். உங்க கையெழுத்து எல்லாப் பக்கத்துலயும் இருக்குது. மேலாளரு என்ன சொல்றாருன்னா, அது படிச்ச பொண்ணு, பொறுப்பு அதும்மேலதான். டவுனுக்குப் போயிட்டுது, வந்து பாக்கல, போன்ல போகலாம்னு சொல்லுச்சு. அத நீங்க வாயால சொல்லிட்டீங்கன்னா நம்ம பசங்களுக்கும் வண்டிக்கும் ஒண்ணும் வராது."

அண்ணன் என்று அழைத்த வாய்! குவளையைக் கவிழ்த்துக் காட்டிய கை! அந்தக் கையே என் ஏட்டைத் தூக்கி அயலார் மேசையில் வைத்துவிட்டது. கட்சி என்னை விட்டுவிட்டது; இவள் என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். தூய தமிழில் இதற்கு ஒரு சொல் உண்டு. இரண்டகம். போகலாம் என்று சொன்னவள் அவளே. என் செவியால் கேட்டேன். போகலாம் என்றாள்!

கார்த்திகை 24

மாரப்பனின் மனைவி தங்காயி அழைத்தார். அழவில்லை. "போறதுக்கு முந்தி எனக்குப் போன் பண்ணுனாருங்க. பயமா இருந்தா உள்ள போகாதீங்கன்னேன். தலைவரே சொல்லிட்டாரு, பொறவென்ன புள்ளன்னாருங்க" என்றார்.

 

கார்த்திகை 25

மாவட்டச் செயலாளரே தொலைபேசியில் அழைத்தார். அவர் குரல் தழுதழுத்தது. தை மாநாட்டில் மாரப்பன் படத்திறப்பாம். நான்தான் பேச வேண்டுமாம். பத்து மணித்துளியில்லை, முக்கால் மணி. "தமிழனைக் காவு வாங்கிய வடக்கு மலை. அதுதான் தலைப்பு. உங்களை விட்டா யாருங்க பேசுறது?"

பட்டியலில் என் பெயர் முதலில் வருமாம்.

கேட்டது கிடைத்துவிட்டது. கற்கோலைத் தாள்மேலிருந்து எடுத்துக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டேன். அதன் வெள்ளை வரிகள் கண்ணை உறுத்துகின்றன.

நாளை மறுநாள் உசாவல். என்ன சொல்வதென்று எழுதி முடித்துவிட்டேன். என் வாழ்நாளில் இதைவிடச் செறிவாய் எதையும் எழுதியதில்லை.

கார்த்திகை 27

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உசாவல் குழுவில் மூவர். மூவருக்கும் இந்திதான் தெரியும். எனக்கு அது தெரியாது. கற்க மறுத்ததை மேடைதோறும் முழங்கியவன் நான். குழந்தைவேலுவின் அரைகுறை இந்தி போதாது என்று, மொழிபெயர்க்க ஆள் யார் எனத் தேடினார்கள். இந்தப் பாசறையில் அதற்கு ஒரே ஒருத்திதான். செசிந்தாவை என் அருகில் உட்கார வைத்தார்கள்.

"சொல்லுறத அப்படியே சொல்லணும்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காவ. நீங்க சொல்லுங்க அண்ணே" என்றாள். கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்க்கவில்லை.

முதல் கேள்வி: அன்று உள்ளே போகச் சொன்னது யார்?

தொடங்கினேன். "நிலத்தைப் படித்தவர் நிலத்தை விட்டு நகருக்குப் போனார். நம்பியவர்களை நட்டாற்றில் விட்டார். போகலாம் என்று தொலைவிலிருந்து தொலைபேசியில் சொன்ன வாய், இன்று..."

அவள் மொழிபெயர்த்தாள். நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, உயர்த்திய இடத்தில் குரலை உயர்த்திச் சொன்னாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அலுவலரின் முகம் தெரிந்தது. ஒவ்வொரு தொடருக்கும் அவர் அவளைப் பார்க்கும் பார்வை கடுத்துக்கொண்டே போயிற்று. அவள் ஒரு சொல்லையும் விடவில்லை. தன்மேல் விழும் கல்லைத் தானே எடுத்துத் தருவது போல் ஒவ்வொன்றாய் எடுத்துத் தந்தாள்.

"...அண்ணன் என்று அழைத்துச் செய்த இரண்டகம்!" என்றேன்.

அங்கே அவள் நின்றாள். என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அண்ணே, இரண்டகம்னா துரோகம்தானே? அதுக்கு இவிய பாசையில ரெண்டு சொல்லு இருக்கு. ஒண்ணு லேசா இருக்கும், ஒண்ணு கடுமையா இருக்கும். எதப் போடட்டும்?"

கேலி இல்லை. பிழையாகச் சொல்லிவிடக் கூடாதே என்னும் அக்கறை மட்டும்.

"கடுமையானதை" என்றேன். பழக்கம் அது.

அதையே சொன்னாள். அலுவலர் எழுதிக்கொண்டார். பிறகு தன் முன்னிருந்த தாளை எடுத்து ஏதோ கேட்டார். அவள் குரல் மாறாமல் தமிழில் சொன்னாள்:

"பதிவேட்டோட நான் எழுதிக் குடுத்த மடலப் பத்திக் கேக்காவ. 'நானே போய்ப் பாக்காம பதிவேட்ட நம்பினேன், அது என் பிழை'ன்னு நான் எழுதியிருக்கேன். வேற ஒருத்தர் பேரும் அதுல இல்ல. அது சரியா, நீங்களும் அதத்தான் சொல்லுகீங்களான்னு கேக்காவ."

மேசைமேல் நான் எழுதிய தாள்கள் இன்னும் பத்துப் பக்கம் இருந்தன. அடுத்த தொடர் எனக்கு மனப்பாடம். வாய் திறந்தது. வரவில்லை.

"பார்க்கவில்லை" என்றேன்.

"என்னண்ணே?"

"பதினான்காம் நாளிலிருந்து நான் உள்ளே போகவில்லை. அழுத்தமானியைப் பார்க்கவில்லை. அறையில் உட்கார்ந்து இரண்டு என்று எழுதினேன். மூன்றாம் துளை நின்றது எனக்குத் தெரியும். அடைத்ததும் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை. நீ வரும்வரை காத்திருக்கச் சொன்னாய். அதையும் அவர்களிடம் சொல்லவில்லை."

இதுவரை ஒரு சொல்லையும் விடாதவள், இதை மொழிபெயர்க்கவில்லை. அலுவலர் இருமுறை கேட்டார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்ப்பாளராக இல்லாமல் முதன்முறையாக ஒன்று கேட்டாள்.

"இத அன்னைக்குப் போன்ல சொல்லியிருக்கலாம்லா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினாள். மிகச் சில சொற்களில் சொல்லி முடித்துவிட்டாள். என் பேச்சு இத்தனை சிறிதாக எந்த மொழியிலும் இருந்ததில்லை.

வெளியே குழந்தைவேலு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கார்த்திகை 28

மாவட்டச் செயலாளருக்கு மடல் எழுதினேன். இரண்டு வரி. படத்திறப்பில் நான் பேசமாட்டேன். மாரப்பன் சாவுக்கு மலையை வையாதீர்கள்.

உசாவல் குழு பதிவேட்டைத் திரும்ப அனுப்பியது. பொய்யான பதிவுகளை என் கையாலேயே திருத்திக் கையெழுத்திட வேண்டுமாம். செசிந்தாதான் கொண்டுவந்து வைத்தாள். கட்டிலுக்கடியில் கிடந்த கற்கோலைக் குனிந்து எடுத்து, துடைத்து, கையோடு கொண்டுபோய்விட்டாள்.

சென்னியப்பன் மருத்துவமனையில் சொன்னதை இப்போது எழுதுகிறேன். அன்று காலை நால்வரும் முகப்பை அடைந்ததும், மாரப்பன் கைவிளக்கை நான்காம் துளையின் அழுத்தமானிமேல் அடித்துப் பார்த்தாராம். முள் எங்கே நிற்கிறதென்று உரக்கச் சொன்னாராம். சென்னியப்பன் திரும்பிப் போகலாம் என்றானாம். மாரப்பன் சிரித்தாராம். "தலைவரு ரெண்டுன்னு எழுதியிருக்காருடா. மீட்டருதான் கெட்டுப்போயிருக்கும்."

திருத்தம் வருமாறு.

கார்த்திகை 14. நான்காம் துளை. பார்க்கவில்லை.

கார்த்திகை 15. பார்க்கவில்லை.

கார்த்திகை 16. பார்க்கவில்லை.

கார்த்திகை 17. பார்க்கவில்லை.

கார்த்திகை 18. பார்க்கவில்லை.

கார்த்திகை 19. நான்காம் துளை. அழுத்தம் பதினாறு. பார்த்தவர்: மாரப்பன்.